ஐந்து நாள் மாத்திரை

மாதவிடாய் வந்த இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் தொடங்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட்டு, ஐந்து நாள் ஆனதும் நிறுத்திவிட வேண்டும். குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் பெண்களின் கைப்பையில் இருக்கும் மருந்துகளிலேயே பார்க்க மிகவும் சாதுவானது இதுதான். ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, ஆபீசுக்கு லீவு போட வேண்டியதில்லை. அதனாலேயே இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எழுதிக் கொடுப்பவர்கள் சில சமயம், வாங்கிச் சாப்பிடுபவர்கள் பல சமயம்.

நானும் சாப்பிட்டிருக்கிறேன். முதலில் க்ளோமிஃபீன், பிறகு லெட்ரோசோல். முடிவில் எனக்குக் குழந்தை பிறந்ததா என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அதில் ரகசியம் ஒன்றுமில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிறந்தது என்று எழுதினால் யாரோ ஒருத்தி மாத்திரையின் பெயரைக் குறித்துக்கொண்டு நேராக மருந்துக்கடைக்குப் போவாள். பிறக்கவில்லை என்று எழுதினால் இன்னொருத்தி, டாக்டர் பார்த்துப் பார்த்துக் கொடுத்ததைப் பாதியில் நிறுத்திவிடுவாள். இரண்டு விதமான ஆட்களையும் எனக்குத் தெரியும். ஒருத்தி உடம்பில் நடந்தது இன்னொருத்தி உடம்புக்குச் சாட்சி ஆகாது.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. இந்த மாத்திரையின் வேலை முட்டையை வெளியே வர வைப்பது. அதோடு அதன் கடமை முடிந்தது. முட்டை வெளியே வருவதற்கும் குழந்தை கையில் வருவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை முதல் நாளே யாராவது உட்கார வைத்துச் சொல்லிவிட்டால் பாதி அழுகை மிச்சமாகும்.

முட்டை வெளியே வருவதே சாதாரணக் காரியமில்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதை மேலிருந்து ஏவுவது ஹைபோதலாமஸ். மாதவிடாய் தொடங்கும் நாட்களில் பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனைக் கூடுதலாக இரத்தத்தில் விடும். அது சினைப்பைக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே இருக்கும் ஃபாலிக்கிள் என்கிற குட்டிக் குட்டி நீர்ப்பைகள் வளர ஆரம்பிக்கும். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு முட்டை. பைகள் வளர வளர ஈஸ்ட்ரோஜன் சுரக்கும். அது ஏறுவதைப் பார்த்து மூளை எஃப்.எஸ்.எச்.சைக் குறைக்கும். குறைந்த தீனியிலும் தாக்குப்பிடிக்கிற ஒரு பை மட்டும் முந்திக்கொண்டு போகும், மற்றவை சுருங்கிவிடும். முந்தியது நன்றாக முதிர்ந்து ஈஸ்ட்ரோஜன் உச்சத்தைத் தொட்டதும் எல்.எச். என்ற இன்னொரு ஹார்மோன் ஒரே பொங்காகப் பொங்கும். அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒன்றரை நாளில் பை வெடித்து முட்டை வெளியே வரும்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவை வைத்திருப்பார்களே, அதை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். தண்ணீர் ஏறினால் மிதவை மேலே வரும், மோட்டார் நின்றுவிடும். இங்கே தண்ணீர் ஈஸ்ட்ரோஜன், மோட்டார் எஃப்.எஸ்.எச். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களுக்கு, அதாவது நாம் ‘நீர்க்கட்டி’ என்று சொல்லிக்கொள்கிற பிரச்சினை இருப்பவர்களுக்கு, மோட்டார் எந்த மாதமும் போதிய நேரம் ஓடுவதில்லை. நிறையப் பைகள் தொடங்கிய அளவிலேயே தேங்கி நிற்கும். ஒன்றும் முந்தாது. க்ளோமிஃபீன் போய் மிதவையைப் பிடித்துக் கீழேயே கட்டிவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் வந்து உட்கார வேண்டிய இடங்களில் இது முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்வதால், தொட்டி காலி என்று மூளை நம்பிவிடும். மோட்டார் ஓடும். லெட்ரோசோல் மிதவையைத் தொடுவதில்லை. தண்ணீர் வரத்தையே சில நாள் குறைத்துவிடுகிறது. ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமாட்டேஸ் என்ற நொதியை அது தடுக்கிறது. உண்மையிலேயே தொட்டி இறங்குகிறது, மோட்டார் ஓடுகிறது.

இரண்டும் ஒரே இடத்தில்தானே கொண்டு விடுகின்றன, அப்புறம் என்ன வித்தியாசம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வித்தியாசம் பின்விளைவில் இருக்கிறது. க்ளோமிஃபீன் மூளையோடு நிற்காது. கருப்பையின் உள்படலத்திலும் கருப்பை வாயிலும் கூட ஈஸ்ட்ரோஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் சிலருக்கு முட்டை அருமையாக வளர்ந்திருக்கும், கரு வந்து பதிய வேண்டிய படலமோ மெலிந்து கிடக்கும். க்ளோமிஃபீன் மாத்திரைக்குள் இரண்டு வடிவங்கள் கலந்திருக்கின்றன. அதில் ஒன்று சீக்கிரம் வெளியேறிவிடும், மற்றது வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். மிதவை நீண்ட நாள் கட்டப்பட்டே கிடப்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட பைகள் முதிர்ந்துவிடுவதும் உண்டு. லெட்ரோசோலின் அளவு ஏறத்தாழ இரண்டு நாளில் பாதியாகக் குறைந்துவிடும். பை வெடிக்கிற நேரத்துக்குள் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். மூளையின் கட்டுப்பாடும் திரும்பி வந்துவிடுவதால் பெரும்பாலும் ஒரே முட்டையோடு நிற்கும்.

க்ளோமிஃபீனின் கதை வேடிக்கையானது. 1956-ல் அமெரிக்காவின் மெர்ரெல் நிறுவனத்தில் ஃபிராங்க் பலோபோலியும் உடன் இருந்தவர்களும் இதை உருவாக்கினார்கள். எலிகளுக்குக் கொடுத்தபோது கருத்தரிப்பதைத் தடுத்தது! பெண்களுக்குக் கொடுத்தால் நேர்மாறாக முட்டையை வெளியே கொண்டுவருகிறது என்று 1961-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் கிரீன்பிளாட் குழு எழுதியது. 1967-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னால் பி.சி.ஓ.எஸ்.சுக்கு இருந்த வழி, வயிற்றைக் கிழித்துச் சினைப்பையில் ஒரு துண்டை ஆப்பு வடிவத்தில் வெட்டி எடுப்பது. 1935-ல் ஸ்டெயின், லெவென்தால் என்ற மருத்துவர்கள் இந்த நோயை விவரித்தபோது செய்தது அதைத்தான். கத்தியின் இடத்துக்கு ஒரு மாத்திரை வந்தது சின்ன விஷயமில்லை. அடுத்த அரை நூற்றாண்டுக்கு அதைத் தவிர வேறொன்றை டாக்டர்கள் அவ்வளவாக யோசிக்காததில் ஆச்சரியமும் இல்லை.

லெட்ரோசோல் முதல்முறை கைக்கு வந்த அன்று, பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. ‘மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, மார்பகப் புற்றுநோய்க்கு’ என்று போட்டிருந்தது. கொஞ்சம் கீழே, கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது. நான் கர்ப்பிணியாவதற்காகத்தான் அதைச் சாப்பிடப் போகிறேன். காகிதத்தைக் கணவரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, “கடைக்காரர் மாத்திக் குடுத்துட்டாரா?” என்றார். சீட்டை எடுத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டோம். மாற்றிக் கொடுக்கவில்லை.

டாக்டருக்குப் போன் செய்தால் சிரித்தார். “எல்லாரும் அந்தப் பேப்பரைப் படிச்சிட்டுத்தான்மா கூப்பிடுவாங்க. நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும். புத்துநோய்க்கு வருஷக்கணக்கா தினமும் போடுவாங்க, உங்களுக்கு அஞ்சே நாள். கர்ப்பமா இருக்கிறப்ப போடக் கூடாது, அது நிஜம். அதனாலதான் பீரியட்ஸ் வந்ததை உறுதி பண்ணிக்கிட்டு ஆரம்பிக்கிறோம். ப்ளீடிங் சந்தேகமா லேசா பட்டுச்சுன்னா ஆரம்பிக்காதீங்க, டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டுக் கூப்பிடுங்க.” அந்தக் கடைசி வாக்கியத்தைப் பலர் சொல்வதில்லை. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு எது மாதவிடாய், எது சும்மா ஒரு கறை என்று சொல்வதே கஷ்டம்.

அந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டையே இருக்கிறது. லெட்ரோசோல் 1997-ல் புற்றுநோய் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2001-ல் டொரோண்டோவில் மித்வாலி, காஸ்பர் என்ற இரண்டு மருத்துவர்கள், க்ளோமிஃபீன் ஒத்துவராத பெண்களுக்கு இதைக் கொடுத்து முட்டை வருவதைக் காட்டினார்கள். 2005-ல் ஒரு மாநாட்டில் வாசிக்கப்பட்ட சுருக்கம் ஒன்று, இந்த மருந்துக்குப் பிறந்த குழந்தைகளுக்குச் சில குறைபாடுகள் அதிகம் என்றது. உலகமே அலறியது. தயாரிப்பு நிறுவனமே, இதற்குக் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தது. ஆனால் அந்த ஆய்வு ஒப்பிட்டது யாரோடு? எந்தச் சிக்கலும் இல்லாமல் கருத்தரித்த, ஆபத்துக் குறைந்த தாய்மார்களின் பிரசவங்களோடு. அந்த ஒப்பீடே கோணல். 2006-ல் கனடாவில் 911 குழந்தைகளைப் பார்த்தார்கள். எல்லாக் குழந்தைகளும் மாத்திரைச் சிகிச்சைக்குப் பின் பிறந்தவர்கள். பிறவிக் குறைபாடு லெட்ரோசோல் தரப்பில் 2.4 சதவீதம், க்ளோமிஃபீன் தரப்பில் 4.8 சதவீதம். இருந்தும் பயம் அடங்கவில்லை. 2011-ல் இந்தியா கருத்தரிப்புச் சிகிச்சைக்கு லெட்ரோசோலைத் தடை செய்தது, சில ஆண்டுகள் கழித்துத் தடை விலகியது.

தராசைச் சாய்த்தது 2014-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு. பி.சி.ஓ.எஸ். உள்ள 750 பெண்கள், ஆளுக்கு அதிகபட்சம் 5 சுற்று, அதாவது ஐந்து தடவை இந்த ஐந்து நாள் மாத்திரை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. குழந்தை பெற்றவர்கள் லெட்ரோசோல் பக்கம் 27.5 சதவீதம், க்ளோமிஃபீன் பக்கம் 19.1 சதவீதம். 2018-லும் 2023-லும் வந்த சர்வதேச பி.சி.ஓ.எஸ். வழிகாட்டிகள் லெட்ரோசோலைத்தான் முதல் தேர்வாகச் சொல்கின்றன. பெட்டிக்குள் இருக்கும் காகிதம் மட்டும் மாறவில்லை, ஏனென்றால் பெரும்பாலான நாடுகளில் இந்தப் பயன்பாட்டுக்கு அதற்குத் தனி அனுமதி கிடையாது. பழைய மருந்துக்குப் புது அனுமதி கேட்டுச் செலவு செய்ய எந்தக் கம்பெனிக்கும் ஆர்வம் இருக்காது என்பது என் ஊகம்.

அந்த 27.5-ஐ இன்னொரு தடவை பாருங்கள். நன்றாக வேலை செய்கிற மாத்திரை, ஐந்து சுற்று வரை, நெருக்கமான கண்காணிப்பு. அப்படியும் நான்கில் மூன்று பேர் கிட்டத்தட்ட வெறுங்கையோடுதான் அந்த ஆய்விலிருந்து வெளியே வந்தார்கள். இந்த எண் என்னைப் பயமுறுத்தவில்லை, ஆறுதல்தான் தந்தது. முதல் மாதம் பலிக்காததற்கு என் ராசி, என் உடம்பு, நான் அன்றைக்கு மாடிப்படி ஏறியது என்று காரணம் தேட வேண்டியதில்லை என்று புரிந்தது. எந்தப் பிரச்சினையும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்றுதான்.

இனி, யாருக்கு இது என்பது. இங்கேதான் எனக்குக் கோபம் வரும்.

சித்தி மகள் ஒருத்தி போனில் ஒரு படம் அனுப்பினாள். பாதி காலியான அட்டை. கூட வேலை பார்ப்பவள் மிச்சம் வைத்திருந்ததாம். “அக்கா, நீங்களும் இதே மாத்திரைதானே போட்டீங்க?”

“உனக்குப் பீரியட்ஸ் எப்படி வருது?”

“அதெல்லாம் கரெக்டா இருபத்தெட்டு, இருபத்தொன்பது நாள்ல வந்துடும்க்கா.”

“அவருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?”

“அவருக்கு என்னக்கா, நல்லாத்தானே இருக்காரு.”

இந்த நாலு வரியில் எல்லாம் இருக்கிறது. மாதாமாதம் கடிகாரம் மாதிரி மாதவிடாய் வரும் பெண்ணுக்குப் பெரும்பாலும் முட்டை தானாகவே வெளியே வந்துகொண்டிருக்கும். ஏற்கெனவே நடக்கிற வேலைக்கு மாத்திரை போட்டு என்ன ஆகப் போகிறது? காரணமே பிடிபடாத குழந்தையின்மைக்கு இந்த மாத்திரைகளை மட்டும் கொடுக்காதீர்கள் என்று சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013 வழிகாட்டியில் நேரடியாகவே சொன்னது. கருப்பைக்குள் விந்தணுவைச் செலுத்தும் ஐ.யூ.ஐ.யோடு சேர்த்துக் கொடுப்பது வேறு கணக்கு. தனியாகக் கொடுத்தால், ‘ஏதோ செய்கிறோம்’ என்ற திருப்தியைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. மாதங்கள்தான் போகும்.

அப்புறம் அந்த ‘நல்லாத்தானே இருக்காரு’. குழந்தையில்லாத தம்பதிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் கலந்திருக்கிறது. மனைவி ஒரு மாத்திரையை விழுங்குவதற்கு முன்னால் கணவனின் விந்துப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். இரண்டிலிருந்து ஏழு நாள் விலகியிருந்துவிட்டு ஒரு டப்பாவில் கொடுத்தால் தீர்ந்தது வேலை. கருத்தரிப்புச் சோதனைகளிலேயே வலியில்லாதது, சீக்கிரம் முடிவது, செலவு குறைந்தது இது. ஆனாலும் வரிசையில் கடைசியாக நடப்பதும் இதுதான். அவள் இரத்தம் கொடுப்பாள், ஸ்கேனுக்குப் படுப்பாள், கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும்போது பல்லைக் கடிப்பாள். அவர் ‘அடுத்த வாரம் பாக்கலாம்’ என்பார். சித்தி மகளிடம் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன். அவள் கணவரை லேப் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது தனிக்கதை, அவர் அனுமதியில்லாமல் எழுத முடியாது.

முட்டை வராததற்கும் பல காரணங்கள் உண்டு, எல்லாவற்றுக்கும் இந்த மாத்திரை பதில் சொல்லாது. உடல் எடை மிகவும் குறைந்து போனதாலோ கடுமையான உடற்பயிற்சியாலோ மூளையே சுரப்பதை நிறுத்திவிட்டது என்றால், மறைக்கவோ குறைக்கவோ அங்கே ஈஸ்ட்ரோஜனே இருக்காது. மிதவையைக் கட்டினாலும் மோட்டாருக்குக் கரண்ட் வராது. சினைப்பையில் முட்டைகளே தீர்ந்துவிட்டவர்களுக்கும் பயனில்லை. தைராய்டு கோளாறோ, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனில் கோளாறோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், பல நேரம் அதிலேயே முட்டை திரும்பி வந்துவிடும். இரண்டு கருக்குழாய்களும் அடைத்திருந்தால் எத்தனை முட்டை வந்தாலும் அது விந்தணுவைச் சந்திக்காது. கடைசியில் மிஞ்சுவது பி.சி.ஓ.எஸ். அதுதான் இந்த மாத்திரைகளின் சொந்த ஊர். முட்டை வராத பெண்களில் பெரும்பான்மையோரும் அந்த ஊர்க்காரர்கள்தான்.

அங்கேயும் எடையைப் பற்றி ஒரு வார்த்தை. கூடுதல் எடை உள்ளவர்கள் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைத்தாலே சிலருக்கு மாத்திரை இல்லாமலே முட்டை வர ஆரம்பிக்கும். இது உண்மை. ஆனால் இந்த உண்மையை ஒரு பெண்ணின் முகத்தில் எறிவது போலச் சொல்லும் டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். முப்பத்தாறு வயதுக்காரியை ‘பத்துக் கிலோ குறைச்சுட்டு வா’ என்று ஒரு வருஷத்துக்குத் திருப்பி அனுப்புவதில் என்ன வைத்தியம் இருக்கிறது என்று எனக்குப் புரிவதில்லை. எடை அந்த ஒரு வருஷத்தில் குறையலாம், குறையாமலும் போகலாம். வயது நிச்சயம் ஏறும்.

மெட்ஃபார்மின் பற்றியும் கேட்பார்கள். சர்க்கரை நோய்க்கான மாத்திரை, பி.சி.ஓ.எஸ்.சில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் கொடுப்பார்கள். முட்டை வளர்ச்சிக்கு அதை மட்டும் நம்பியிருப்பது சரியில்லை என்று 2007-ல் 626 பெண்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. குழந்தை பெற்றவர்கள் க்ளோமிஃபீனில் 22.5 சதவீதம், மெட்ஃபார்மினில் 7.2 சதவீதம்.

ஸ்கேன் அறைக்கு வருகிறேன். மாத்திரை முடிந்து சில நாள் கழித்து ஃபாலிக்கிள் ஸ்டடி தொடங்கும். “யூரின் போயிட்டு வந்து படுங்கம்மா.” அடிவயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் இல்லை இது, உள்ளே வைத்துப் பார்ப்பது. ஏசி காற்று தொடையில் அடிக்கும். கால் பக்கம் ஒரு விரிப்பு. டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே எண்களைச் சொல்வார், ஓரத்தில் நிற்கும் நர்ஸ் எழுதிக்கொள்வார். “ரைட்ல பதினாலு. லெஃப்ட்ல எல்லாம் சின்னது. லைனிங் ஆறு.” கறுப்பு வட்டம் ஒன்று, அதன் இரண்டு ஓரத்திலும் சின்னச் சிலுவைக் குறி வைத்து அளப்பார்கள். வளர்கிற பை நாளுக்கு ஏறத்தாழ 2 மி.மீ. வளரும். 18 மி.மீ.யைத் தாண்டினால் முதிர்ந்தது என்று கணக்கு. லைனிங் என்கிற கருப்பைப் படலம் ஏழு, எட்டு மி.மீ. இருந்தால் நல்லது. இந்த எண்கள் மனப்பாடம் ஆகிவிட்டால், டாக்டர் வாய் திறந்து விளக்குவதற்கு முன்பே அறையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். படுத்தபடியே கணக்குப் போடுவேன்: இன்று பதினாலு என்றால் நாளை மறுநாள் பதினெட்டு. சில மாதம் அந்தக் கணக்குப் பலித்தது. சில மாதம் பதினாலு அப்படியே பதினாலாக உட்கார்ந்திருந்தது.

முதிர்ந்துவிட்டால் வெடிக்க வைக்க ஒரு ஊசி போடுவதும் உண்டு. எச்.சி.ஜி. என்பார்கள். எல்லோருக்கும் அது கட்டாயமில்லை. எல்.எச். தானாகவே பொங்கினால் போதும். ஊசிக்குப் பிறகு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை வரும். “இன்னிக்கும் நாளைக்கும் சேர்ந்து இருங்க” என்று டாக்டர் சொல்வார். வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு பேரும் வேறு எதையாவது பேசிக்கொண்டு வருவோம். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன், அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எல்லோருக்கும் எல்லாச் சுற்றிலும் ஸ்கேன் தேவையா என்றால், டாக்டர்களுக்குள்ளேயே ஒருமித்த பதில் கிடையாது. என் கருத்து, முதல் சுற்றிலாவது பார்த்தே ஆக வேண்டும். அந்த அளவு மாத்திரைக்கு உங்கள் சினைப்பை எப்படிப் பதில் சொல்கிறது என்பது அப்போதுதான் தெரியும். ஒன்றுமே வளரவில்லை என்றால் அளவைக் கூட்ட வேண்டும். க்ளோமிஃபீன் 50 மி.கி.யில் தொடங்கி 100, சிலர் 150 வரை போவார்கள். லெட்ரோசோல் 2.5-ல் தொடங்கி 5, 7.5. மூன்று நாலு பைகள் ஒன்றாக வளர்ந்துவிட்டால் அந்த மாதம் சேராமல் இருக்கச் சொல்வார்கள். அப்போது வரும் ஏமாற்றம் கொஞ்ச நஞ்சமில்லை, ‘இத்தனை முட்டை இருக்கே, ஏன் விடணும்’ என்று தோன்றும். க்ளோமிஃபீனில் கருத்தரித்தவர்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இரட்டைக் குழந்தைகள். கேட்பதற்கு அதிர்ஷ்டம் மாதிரி இருக்கும். குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தைகள், தாய்க்கு ரத்த அழுத்தம் என்று அதன் மறுபக்கத்தைப் பார்த்த எந்த மகப்பேறு மருத்துவரும் அதை அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டார்.

ஸ்கேன் இல்லாவிட்டால், அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்னால் புரோஜெஸ்டிரோன் இரத்தப் பரிசோதனை எடுத்தும் முட்டை வெளியானதா என்று தெரிந்துகொள்ளலாம். 28 நாள் சுழற்சிக்கு அது 21-ஆம் நாள். 35 நாள் சுழற்சிக்கு 28-ஆம் நாள். எல்லோரையும் 21-ஆம் நாளே வரச் சொல்லி, ‘முட்டை வரலை’ என்று எழுதித் தருகிற இடங்களும் உண்டு.

க்ளோமிஃபீன் சாப்பிட்ட நாட்களில் எனக்கு வெக்கை. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும்போதே கழுத்திலிருந்து காது வரை குப்பென்று ஏறும், நெற்றி வியர்க்கும், இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும். என்னைவிட இருபது வயது மூத்தவர்கள் சொல்லிக் கேட்ட அவஸ்தை. மூளை ஈஸ்ட்ரோஜன் இல்லை என்று நம்பும்போது உடம்பும் அதற்குத் தகுந்தபடி நடிக்கிறது, வேறொன்றுமில்லை. எரிச்சல், காரணமில்லாத அழுகை, வயிற்று உப்புசம் எல்லாம் உண்டு. ஆனால் பார்வையில் மங்கலோ, மின்னல் வெட்டு மாதிரி ஒளிக்கீற்றுகளோ தெரிந்தால் அது வேறு வகை. நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும், வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். லெட்ரோசோலில் எனக்குத் தலைவலியும் ஒரு மாதிரி அசதியும் இருந்தது, அவ்வளவுதான். எதைச் சாப்பிட்டாலும் வயிறு வேகமாகப் பெருத்து, வாந்தி, மூச்சுவாங்கல், கடும் வலி என்று வந்தால் சினைப்பை மிகையாகத் தூண்டப்பட்டிருக்கலாம். மாத்திரைகளில் இது அபூர்வம், ஊசிகளில்தான் அதிகம். அபூர்வம் என்பதற்காகக் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

புற்றுநோய்ப் பயம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. 1994-ல் வந்த ஓர் ஆய்வு, க்ளோமிஃபீனைப் பன்னிரண்டு சுற்றோ அதற்கு மேலோ சாப்பிட்டவர்களிடம் சினைப்பைக் கட்டிகள் கூடுதலாகத் தெரிந்ததாகச் சொன்னது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. குழந்தையின்மையே தனியாக அந்த ஆபத்தைக் கூட்டுகிறது என்பதால் மருந்தின் பங்கைப் பிரித்தெடுப்பதும் கஷ்டம். ஆனால் அந்தப் பயத்தை விட்டாலும் நிறுத்த வேறு காரணம் இருக்கிறது. முட்டை வருகிறது, மற்ற எல்லாம் சரியாக இருக்கிறது, ஆறு சுற்றில் கருத்தரிக்கவில்லை என்றால் ஏழாவதிலும் எட்டாவதிலும் அதே மாத்திரை புதிதாக ஒன்றும் செய்யப்போவதில்லை. பலிக்க வேண்டியவர்களுக்குப் பெரும்பாலும் முதல் சில சுற்றிலேயே பலித்துவிடுகிறது.

இரண்டு விதத் தோல்விகளைக் கலக்கக் கூடாது என்று எங்கள் டாக்டர் சொல்வார். அளவைக் கூட்டியும் முட்டையே வரவில்லை என்பது ஒன்று. முட்டை வந்தும் கரு நிற்கவில்லை என்பது வேறு. முதலாவதில் மாத்திரை தன் வேலையைச் செய்யவில்லை. மருந்தை மாற்றலாம், குறைந்த அளவில் ஊசி போடலாம், லேப்ராஸ்கோப்பி மூலம் சினைப்பையில் சின்னத் துளைகள் இடலாம். இரண்டாவதில் மாத்திரை தன் வேலையைச் சரியாகவே செய்துவிட்டது. குறை வேறெங்கோ இருக்கிறது. தேடலைத் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஐ.யூ.ஐ., ஐ.வி.எஃப். என்ற பேச்சு வரும். ‘மாத்திரை ஒத்துக்கலை’ என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சொல்லும்போது அடுத்துச் செய்ய வேண்டியது மங்கிவிடுகிறது.

முதல் அட்டையை எழுதுவதற்கு முன்னால் அவர் செய்த ஒரு காரியத்தை எந்தப் பெண் கேட்டாலும் சொல்வேன். ஃபைலின் உள்பக்கத்தில் பென்சிலால் மூன்று வரி எழுதினார். எந்த அளவில் தொடங்குகிறோம், எத்தனை சுற்று முட்டை வராவிட்டால் மாற்றுவோம், எத்தனை சுற்று முட்டை வந்தும் நிற்காவிட்டால் நிறுத்துவோம். கீழே எங்கள் இரண்டு பேர் வயதும். “இதை நீங்களும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. நான் மறந்துட்டு அடுத்த சீட்டும் எழுதினா, காமிங்க” என்றார். நான் இரண்டு தடவை காட்ட வேண்டியிருந்தது, ஒரு தடவை அவருக்கு, ஒரு தடவை எனக்கே.